பழைய அவுட்போர்டு இன்ஜினில் அலாரம் அடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காடு, எண்ணூர், காசிமேடு, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், கோவளம் என்று சென்னையை ஒட்டிய இந்தக் கரை நெடுக ஃபைபர் படகுகளில் பழைய அவுட்போர்டு இன்ஜின்கள் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்கள்) இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பல கை மாறி வந்தவை. கையேடு எப்போதோ தொலைந்திருக்கும், யார் யார் எந்த ஒயரை வெட்டி ஒட்டினார்கள் என்பதும் தெரியாது. 1980களில் தொடங்கி 2000களின் தொடக்கம் வரை வந்த யமஹா, சுசூகி, மெர்க்குரி, ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிபவை. ஃபோர்-ஸ்ட்ரோக் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆக்சிலரேட்டரைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். உடனே திரும்பி, இன்ஜினின் பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். அடுத்து செய்ய வேண்டியதை அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கரைக்குப் பக்கத்தில் அலை உடையும் இடத்திலோ, முகத்துவாரத்தின் மணல் திட்டு மேலோ இருந்தால் அங்கே இன்ஜினை நிறுத்தாதீர்கள். மெதுவாகவாவது ஓட்டி அலையைத் தாண்டி வெளியே வந்துவிடுங்கள். இன்ஜின் பழுதானால் பிஸ்டன் மாற்றிக்கொள்ளலாம். அலையில் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, மேலே தூக்கி, அடியில் புரொபெல்லர் மாட்டியிருக்கும் கியர் கேஸின் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். சென்னைக் கடலில் பெரும்பாலும் அங்கே ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் பைதான். வடகிழக்குப் பருவமழை கொட்டி, கூவமும் அடையாறும் குப்பையைக் கடலில் தள்ளும் வாரங்களில் இது தினமும் நடக்கும். வலைத் துண்டும் சொறிமீனும்கூட அடைக்கும். எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடிகளில் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் அணைத்துவிடுங்கள், அடம்பிடித்து ஓட்ட வேண்டாம்.

தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூட்டு அலாரம் நிற்கவில்லை என்றால், நியூட்ரலில் ஓரிரு நிமிடம் ஓடட்டும் (எண்ணெய் வரவில்லை என்று சொல்லும் அலாரமாக இருந்தால் உடனே அணையுங்கள், சத்தத்தை வைத்துப் பிரித்தறிவது அடுத்த பதிலில்). ஓடும் தண்ணீரே சூட்டை இறக்கும். அப்படியும் நிற்காவிட்டால் அணைத்து, நங்கூரம் போட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரத்தில் மூடியைக் கழற்றிச் சூடான சிலிண்டர் ஹெட் மேல் கடல் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது. அலுமினியம் விரிந்திருக்கும். திடீரென்று குளிர்ந்தால் கோணும், விரிசல் விடும்.

எந்தச் சத்தம் எதற்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். பலர் அலாரம் என்றாலே சூடு என்று முடிவுகட்டி தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றிவிடுகிறார்கள். கத்தியதோ எண்ணெய்க்காக.

ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே கம்பெனித் தயாரிப்பு. 1984 முதல் இவற்றில் விஆர்ஓ என்ற எண்ணெய் பம்ப் வந்தது. பம்ப் உள்ள பழைய மாடல்களில் விடாமல் ஒரே நீளமாக அடித்தால் சூடு. 20 முதல் 40 விநாடிக்கு ஒரு முறை சின்னதாகக் கத்தினால் எண்ணெய் டேங்க் கால் பங்குக்கு இறங்கிவிட்டது, ஊற்றினால் போதும். விநாடிக்கு ஒரு முறை விட்டுவிட்டு வேகமாகக் கத்தினால் பம்ப் எண்ணெய் தரவில்லை என்று பொருள். இது வந்தால் உடனே அணைக்க வேண்டும். 1996 முதல் சிஸ்டம் செக் என்ற மீட்டர் வந்தது. அதில் ஹார்ன் பத்து விநாடி அடித்து நின்றுவிடும், விளக்கு மட்டும் எரியும். சத்தம் நின்றதும் கோளாறு சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் இன்ஜின் போகும். மீட்டரைப் பாருங்கள்.

மெர்க்குரியில் பொதுவாகத் தொடர்ச்சியான சத்தம் சூட்டுக்கு, விட்டுவிட்டு வரும் சத்தம் எண்ணெய்க்கு. சாவி போட்டதும் ஒரு முறை சின்னதாக அடித்து நிற்பது அதன் வழக்கமான சோதனைதான். பயப்பட வேண்டாம்.

யமஹாவில் எண்ணெய் டேங்க் உள்ள டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் மீட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருக்கும். சிவப்பு எரிந்து பஸ்ஸர் அடித்தால் இன்ஜின் மேலிருக்கும் டேங்கில் எண்ணெய் தீரப்போகிறது. விளக்கு பச்சையாக இருந்து பஸ்ஸர் அடித்தால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டும் எண்டுரோ வகையில் எண்ணெய் அலாரத்துக்கே வேலை இல்லை. அதில் பஸ்ஸர் இருந்தால் அது சூட்டுக்குத்தான்.

அலாரம் அடித்ததும் இன்ஜின் தானாகவே வேகம் குறைகிறது. கார்பரேட்டர் கோளாறா?

இல்லை. இன்ஜின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. யமஹா, சுசூகி இரண்டிலும் அலாரத்தோடு சேர்த்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. யமஹாவில் சுமார் 2000 ஆர்பிஎம்முக்கு இறங்கும். காரணம் சரியான பிறகும் ஆக்சிலரேட்டரை முழுக்கக் குறைத்தாலோ, இன்ஜினை அணைத்துப் போட்டாலோதான் அந்தக் கட்டுப்பாடு விலகும். இதற்காகக் கார்பரேட்டரைப் பிரித்துக் காசு செலவு செய்யாதீர்கள்.

தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது. அப்படியிருந்தும் சூட்டு அலாரம் அடிப்பது எப்படி?

பீய்ச்சும் தண்ணீர் ஒன்றை மட்டும்தான் சொல்கிறது: பம்ப் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் ஹெட் முழுக்கச் சுற்றி வருகிறதா என்பது அதில் தெரியாது. பல இன்ஜின்களில் அந்தத் துளைக்குப் போகும் தண்ணீர், சூடானால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடும். ஆகவே தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் இறுகிப்போனாலும், உப்பு படிந்து ஹெட்டுக்குள் வழி அடைத்துக்கொண்டாலும், வெளியே தண்ணீர் ஜோராக வரும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பம்ப் நன்றாக இருக்கும், ஆனால் பீய்ச்சும் துளையில் உப்போ, குளவி கட்டிய மண்கூடோ அடைத்திருக்கும். கரையில் சில வாரம் கிடந்த இன்ஜினில் முதலில் ஒரு தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள்.

உண்மையான சூட்டை அறிய ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கினால்கூடப் போதும். இன்ஜின் ஓடும்போது ஹெட்டில், சூட்டை உணர்ந்து அலாரம் அடிக்கவைக்கும் தெர்மோ சுவிட்ச் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அளக்க வேண்டும். 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. 90ஐத் தொட்டால் அலாரம் உண்மையைத்தான் சொல்கிறது. 60 டிகிரியில் கத்திக்கொண்டிருந்தால் கோளாறு சுவிட்சிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது.

தண்ணீர் மெலிதாக வருகிறது. இம்பெல்லர்தானா?

பெரும்பாலும் ஆமாம். இம்பெல்லர் என்பது கியர் கேஸுக்கு மேலே, டிரைவ் ஷாஃப்டில் மாட்டியிருக்கும் ரப்பர் சக்கரம். கையேடுகள் பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை பார்க்கவும், ஓரிரு வருடத்தில் மாற்றவும் சொல்லும். நம் கரைக்கு இரண்டு வருடம் என்பது அதிகம். இங்கே துறைமுகம் இல்லாத குப்பங்களில் படகு மணலிலிருந்தே கிளம்புகிறது, மணலிலேயே ஏறுகிறது. ஆழமில்லாத தண்ணீரில் இன்ஜினை இறக்கி ஓட்டும்போது பம்ப் மணலைக் குடிக்கிறது. மணல் ரப்பரை மட்டுமா தேய்க்கும், அதைச் சுற்றியிருக்கும் எஃகுத் தகட்டையும் வரிவரியாகக் கீறிவிடும். எண்ணூர்க் கழிமுகத்தில் ஓட்டுபவர்களுக்கு அனல்மின் நிலையங்களின் சாம்பல் சகதி வேறு. பழவேற்காடு ஏரியோ பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லாதது. இந்த இடங்களில் ஓடும் இன்ஜினுக்கு வருடம் ஒரு இம்பெல்லர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அந்த நாட்களை ஃபைபர் படகுக்காரர்களும் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் காலமாக வைத்துக்கொண்டால் மறக்காது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இம்பெல்லரை மட்டும் வாங்காமல் தகடு, கேஸ்கட், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்த கிட் வாங்குங்கள். கீறல் விழுந்த தகட்டின் மேல் புது ரப்பரை வைத்தால் தண்ணீர் பழையபடி மெலிதாகத்தான் வரும். ஷாஃப்டில் இருக்கும் சின்னச் சாவி (இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் உலோகத் துண்டு) விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் சுற்றாது. பம்ப் மூடியை இறக்கும்போது, பெரும்பாலான இன்ஜின்களில் மேலிருந்து பார்க்கக் கடிகார முள் சுற்றும் திசையில் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே அழுத்தினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது எங்கேயும் போகவில்லை, மேலே ஏதோ ஒரு வழியில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. இம்பெல்லர் மாற்றிய மறுநாளே அலாரம் அடிக்கிறது என்று நிறையப் பேர் வருகிறார்கள். கியர் கேஸை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வாய்க்குள் சரியாக உட்காராமல் பக்கத்தில் இறங்கியிருக்கும். தண்ணீர் பாதி வழியிலேயே கொட்டிவிடும். மறுபடி இறக்கி ஏற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை.

மெதுவாக ஓடும்போது மட்டும் சூடாகிறது, வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது. ஏன்?

தேய்ந்த இம்பெல்லரின் குணம் இது. வேகம் கூடும்போது எப்படியோ தண்ணீரைத் தள்ளிவிடும், ஐடிலில் முடியாது. பெரிய இன்ஜின்களில் தண்ணீர் அழுத்தம் கூடும்போது திறக்கும் வால்வு திறந்த நிலையில் மணல் சிக்கி நின்றாலும் இப்படித்தான் இருக்கும். மாறாக, வேகமாகப் போகும்போது மட்டும் சூடானால் சல்லடையில் பாதி அடைப்பு, கொட்டலசு (கடலில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி), ஹெட்டுக்குள் உப்பு, அல்லது பெட்ரோல் போதாமை என்று இந்த வரிசையில் பாருங்கள். இன்ஜினை இறக்கியபடியே தண்ணீரில் கட்டிவைக்கும் படகுகளில் சல்லடைக்குள் கொட்டலசு பிடிக்கும். ஓட்டாத நேரத்தில் இன்ஜினைத் தூக்கியே வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பிரச்சினை தீருமே, பல மெக்கானிக்குகள் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் கடல் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கிறது, தெர்மோஸ்டாட் எதற்கு என்று கேட்பார்கள். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் 50, 60 டிகிரியில் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி விட்டிருக்கிறார்கள். 35, 40 டிகிரியிலேயே ஓடினால் எண்ணெய் முழுதாக எரியாது, பிளக் கறுக்கும், ரிங்கில் கரி பிடிக்கும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். கெடுதல் மெதுவாக நடப்பதால் யாரும் அதைத் தெர்மோஸ்டாட்டோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். திறக்க வேண்டிய சூடு பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறந்து, ஆறியதும் மூடினால் நல்லது. உப்பு படிந்து இறுகியிருந்தால் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பாருங்கள். மூடியின் போல்ட்டுகள் உப்பில் இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் தலை முறிந்துவிடும். துரு எண்ணெய் விட்டு, சூடுகாட்டி, பொறுமையாகக் கழற்றுங்கள்.

எண்ணெய் டேங்க் நிறைய இருக்கிறது, ஆனால் எண்ணெய் அலாரம் அடிக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது மிதவை. அது பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டாலோ, காந்த சுவிட்ச் பழுதானாலோ பொய்யாகக் கத்தும். அலை அதிகமாக இருக்கும்போது மட்டும் கத்தி, அமைதியான தண்ணீரில் நின்றுவிட்டால், டேங்க் பாதிக்குக் கீழே இருந்து எண்ணெய் ஆடுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது எண்ணெய் வரும் வழி. படகில் ஒரு டேங்க், இன்ஜின் மேல் ஒரு சின்ன டேங்க் என்று இரண்டு இருந்தால், கீழே நிறைய இருந்தும் மேலே வராமல் போகலாம். மெர்க்குரி வி6 இன்ஜின்களில் படகு டேங்கில் இருக்கும் எண்ணெயைக் காற்றழுத்தம் மேலே தள்ளுகிறது. மூடி சரியாக இறுகாவிட்டால், ஹோஸில் விரிசல் இருந்தால், எண்ணெய் ஏறாது. அங்கே ஒரு சின்ன ஓ-ரிங் பிரச்சினையை முடித்துவிடும். யமஹாவில் டேங்கின் அடியில் இருக்கும் சல்லடையில் தண்ணீரும் அழுக்கும் சேர்ந்து அடைக்கும்.

காரணம் பிடிபடும்வரை பம்பை நம்பாதீர்கள். பெட்ரோலிலேயே ஐம்பதுக்கு ஒன்று என்று எண்ணெய் கலந்துவிடுங்கள், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் கேனுக்கு அரை லிட்டர். பம்பும் வேலை செய்தால் கொஞ்சம் புகை கூடும், அவ்வளவுதான். எண்ணெய் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துவிடும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கான 2டி எண்ணெய் காற்றால் குளிரும் இன்ஜினுக்குச் செய்தது. அதை இதில் ஊற்றினால் கரி பிடிக்கும்.

சாவி போட்டவுடன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே தொடர்ந்து கத்துகிறது.

ஆறிய இன்ஜின் சூடாக இருக்க முடியாது. எண்ணெய் மட்டமும் சரியாக இருந்தால் கோளாறு மின்சாரத்தில். இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும், சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

தெர்மோ சுவிட்ச் சிலிண்டர் ஹெட்டில் செருகியிருக்கும் சின்னப் பொத்தான் மாதிரியான பொருள். அதிலிருந்து வரும் ஒயர் ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரியில் வெளிர் பழுப்பு நிறம், யமஹாவில் இளஞ்சிவப்பு. சாவியைப் போட்டபடியே அந்த இணைப்பைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் சுவிட்ச் போய்விட்டது. நிற்காவிட்டால் எண்ணெய் சென்சார் ஒயரையும் அதேபோல் கழற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் இன்ஜினிலிருந்து ரிமோட் கண்ட்ரோல் வரை வரும் ஒயரிங்கில் எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது. ஸ்டீயரிங் திரும்பும் இடத்தில் ஒயர் மடங்கி உராயும் பகுதியை முதலில் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டர்களும் இதே வேலையைச் செய்யும்.

தெர்மோ சுவிட்சையும் பாத்திரத்தில் வைத்துச் சோதிக்கலாம். மீட்டர் முனைகளை இணைத்து, முனைகள் நனையாமல் சூடாக்கினால், பெரும்பாலும் 80க்கு மேல் 100க்குள் இணைப்பு உண்டாகும். குளிர்ந்தால் விட்டுவிட வேண்டும்.

ஒயரைக் கழற்றிவிட்டே ஓட்டலாமா?

கூடாது. சோதனைக்குக் கழற்றினால், படகு கரையை விட்டு இறங்கும் முன் மாட்டியிருக்க வேண்டும்.

பெட்ரோலால் இன்ஜின் சூடாகுமா?

ஆகும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சிலிண்டருக்குள் எரிப்பு மிதமிஞ்சிச் சூடாகும். பழைய ஜான்சன், எவின்ரூட் பெரிய இன்ஜின்கள் சிலவற்றில் பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு இருந்தாலே அலாரம் அடிக்கும். வேகத்தில் அடித்து, வேகம் குறைத்ததும் உடனே நின்றால் ஃபில்டரையும் டேங்கின் காற்றுத் துளையையும் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை உள்ளுக்குள் உரிக்கும். அந்தத் துணுக்குகள் கார்பரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். 1990களின் ஹோஸும் கைப்பம்பும் இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோலை ஊற்றாதீர்கள்.

சுசூகி ஃபோர்-ஸ்ட்ரோக். எல்லாம் சரியாக இருக்கிறது, சாவி போட்டால் விட்டுவிட்டுக் கத்துகிறது.

எண்ணெய் மாற்றச் சொல்லும் நினைவூட்டலாக இருக்கலாம். சுமார் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை வரும். எண்ணெய் மாற்றியபின் அதை ரீசெட் செய்ய வேண்டும். மாடலுக்கு மாடல் முறை வேறுபடும். எந்த ஃபோர்-ஸ்ட்ரோக்கிலும் எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் மட்டும் நினைவூட்டல் என்று விட்டுவிடாதீர்கள். உடனே அணைத்து, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

ஒரு முறை நன்றாகச் சூடாகிவிட்டது. இன்ஜின் போய்விட்டதா?

அலாரம் அடித்தவுடன் அணைத்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். எல்லா பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அதே இடத்தில் கம்ப்ரஷனும் குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து, கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரை வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவது எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு இன்ஜின் சூடான பிறகுதான் நல்ல தண்ணீர் ஹெட்டுக்குள் போகும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்தால் உள்ளே உப்பு அப்படியே இருக்கும். குப்பத்தில் குழாய்த் தண்ணீர் கிடைப்பது கஷ்டம்தான். ஒரு பிளாஸ்டிக் பேரலில் சல்லடையும் பம்பும் மூழ்கும் அளவுக்கு நிரப்பி, நியூட்ரலில் ஐடிலில் ஓட்டுங்கள். நாலைந்து இன்ஜின் அதே பேரலில் கழுவிக்கொள்ளலாம், தண்ணீர் உப்பேறியதும் மாற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிக்காட்டாதீர்கள், இம்பெல்லர் கருகிவிடும்.

என் இன்ஜினில் அலாரமே இல்லை. பொருத்தலாமா?

கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் இருக்காது. உங்கள் இன்ஜின் கம்பெனியின் தெர்மோ சுவிட்ச், ஒரு 12 வோல்ட் பஸ்ஸர், சின்ன பேட்டரி, ஒரு ஃபியூஸ் இருந்தால் போதும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், பஸ்ஸர் வழியாக சுவிட்சுக்கு ஒரு ஒயர். சுவிட்ச் சூடாகும்போது அந்த ஒயரை இன்ஜின் உடம்போடு இணைக்கும், இன்ஜினிலிருந்து நெகட்டிவுக்கு இன்னொரு ஒயர். பஸ்ஸரை இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கும் இடத்தில் வையுங்கள்.

இன்ஜின் நின்றுவிட்டது, கரை தெரியவில்லை. யாரைக் கூப்பிடுவது?

நங்கூரம் போட்டுவிட்டு, ஜிபிஎஸ் காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. செல்போன் எடுக்காத தூரத்தில் விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16.

பழைய இன்ஜின் வாங்கும்போது அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சாவியைப் போட்டு, தெர்மோ சுவிட்ச் ஒயரைக் கழற்றி, ஹார்ன் பக்கமிருந்து வரும் முனையை இன்ஜின் உடம்பில் தொடுங்கள். ஹார்ன் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் யாரோ முன்பே அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். எதற்காக அடைத்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள், கம்ப்ரஷன் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.